கடல்கோளும் கணக்கும்

அன்புள்ள ஐயா,

மொரீசியஸில் இருக்கும் எங்கள் ரோஸ் ஹில் வாசகர் வட்டம் உங்கள் நாவலின் மூன்று பாகங்களையும் முடித்துவிட்டது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்த கையோடு உட்கார்ந்து பேசினோம். பேச்சு வாக்குவாதமாகி, வடையெல்லாம் ஆறிப்போயிற்று.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: முதல் பாகம் 14,500 ஆண்டுகளுக்கு முன்பு நடக்கிறது. மொரீசியஸுக்கு வடக்கே இன்று கடலுக்குள் கிடக்கும் சாயா தெ மால்யா திட்டு அன்று நிலம். அங்குள்ள பாணர்கள் ஜிர்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகளைச் சூடாக்கி, அவற்றுக்குள் உறைந்த குரல்களைக் கேட்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் கடல் ஊரை விழுங்குகிறது. மூன்றாம் பாகத்தில் அதே மணிகள் இன்றைய ஜோகன்னஸ்பர்க் ஆய்வகம் ஒன்றின் மேசைக்கு வருகின்றன.

முதல் பாகம் புராணம், மூன்றாம் பாகம் ஆய்வறிக்கை, நடுவில் தையல் தெரிகிறது என்றார் ஒருவர். காத்ர் போர்னிலிருந்து வரும் இயற்பியல் ஆசிரியை இரண்டு குறை சொன்னார். மணி சுடப்பட்டதைக் கண்டுபிடிக்கும் ஆய்வகம், எப்போது சுடப்பட்டது என்பதைச் சொல்லாமல் நழுவுகிறதாம். கடல் ஒரே இரவில் ஊரைக் கொள்வதும் நம்பும்படி இல்லையாம். இளைஞர் ஒருவருக்கோ ஒரே மகிழ்ச்சி. "மொரீசியஸுக்கு அடியில் கண்டம் இருப்பது நிரூபணமாகிவிட்டது, அதுதான் குமரிக்கண்டம், ஐயாவே எழுதிவிட்டார்" என்று வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பெயர்கள் அதிகம், மொரீசியஸ் பேச்சுமொழியான கிரியோலின் சொற்களுக்குப் பொருள் இல்லை என்பது எல்லோருடைய குறையும்.

நீங்கள் எழுதியது குமரிக்கண்டத்தைத்தானா? ஒரு வார்த்தையில் சொன்னால் போதும்.

ம.
ரோஸ் ஹில்

*

அன்புள்ள ம.,

இல்லை.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், தந்துவிட்டேன். ஆனால் அந்தத் தம்பி இதையும் வெட்டி எங்காவது ஒட்டுவார் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

2013இல் மொரீசியஸ் கடற்கரை மணலில் 66 கோடி முதல் 197 கோடி ஆண்டு வரை வயதுள்ள ஜிர்கான்கள் கிடைத்தன. தீவின் எரிமலைப் பாறைக்கோ ஒரு கோடி வயதுகூட இல்லை. மணல்தானே, வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாமே என்று ஆட்சேபம் எழுந்தது. நியாயமான ஆட்சேபம். 2017இல் ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஆஷ்வால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மணலை விட்டுவிட்டுப் பாறைக்குள்ளேயே தேடியது. 57 லட்சம் ஆண்டு வயதுள்ள டிராக்கைட் என்ற எரிமலைப் பாறைக்குள் 250 முதல் 300 கோடி ஆண்டு வயதுள்ள மணிகள் இருந்தன. மேலே வந்த பாறைக்குழம்பு, அடியில் கிடந்த பழைய கண்டத்துண்டிலிருந்து அவற்றை அள்ளி வந்திருக்கிறது. அந்தத் துண்டுக்கு 2013 ஆய்விலேயே மொரீஷியா என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தபோது இழுபட்டு, மெலிந்து, அமிழ்ந்த துண்டு அது. மனித இனம் தோன்றி 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. மொரீஷியாவில் சங்கம் கூடியிருந்தால் டைனோசர்கள்தான் தலைமை தாங்கியிருக்க வேண்டும்.

லெமூரியாவும் இதுவல்ல. மடகாஸ்கர் விலங்குகளை விளக்குவதற்காக பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் முன்வைத்த ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்பது உறுதியானதும் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நம்மிடம் இருக்கும் கடல்கோள் மரபு இலக்கியச் செய்தி. அதை அப்படியே மதித்தால் போதும், பாறையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கும் தரும் ஆண்டுகள் 4440, 3700, 1850. மூன்றையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50. மிச்சமே வராது. நடந்ததை ஆண்டுவாரியாகக் குறித்து வந்தவர் கையில் கணக்கு இவ்வளவு அழகாக விழாது. யாரோ எண்ணை வைத்துக் கட்டியிருக்கிறார். நாவலில் பாணர்கள் 37 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மணியைச் சுடுவது இந்தக் கணக்குக்கு வைத்த வணக்கம். உங்கள் வட்டத்தில் ஒருவர்கூட அதைப் பிடிக்கவில்லை என்பதில் எனக்குச் சிறு வருத்தம்.

இனி தையல். நாவலில் தெரிந்தே சொன்ன பொய்கள் மூன்று. மணி குரலை நினைவில் வைத்திருக்கும் என்பது முதல் பொய். அந்தத் திட்டில் மனிதர் வாழ்ந்தார்கள் என்பது இரண்டாவது. திட்டின் மேற்பரப்பு பவளச் சுண்ணாம்பு, எரிமலைப் பாறை அதற்கு வெகு கீழே. ஆகவே மணிகள் கிடைக்கும் கருங்குன்று மூன்றாவது. இவற்றைத் தவிர மற்றதெல்லாம் இயற்கை விதிக்குள் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மாயம் ஓரிடத்திலும் அறிவியல் ஓரிடத்திலும் இருந்தால் தையல் தெரியத்தான் செய்யும். ஒன்று மற்றதன் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

இந்த நாவலில் அந்தப் பிடி ஈயத்தில் இருக்கிறது. (நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்பது கியூபிக் ஜிர்கோனியா, அது வேறு பொருள்.) ஜிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே பின்னால் அதற்குள் காணும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், கடைசியில் ஈயம் 206 ஆகும். யுரேனியம் 235க்கு அது 70 கோடி ஆண்டு, முடிவில் ஈயம் 207. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் மணி மூடியபடியே இருந்திருக்கிறது. வேறு வேறு வயதைச் சொன்னால் ஈயம் கசிந்திருக்கிறது.

ஏன் கசிகிறது? யுரேனியம் சிதையும்போது பாயும் துகள்கள் படிகத்தின் உள்கட்டுமானத்தையே கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கின்றன. பழுதில்லாத ஜிர்கான் 900 டிகிரியிலும் ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே நொறுங்கிய ஜிர்கானோ அதற்கு வெகு குறைந்த சூட்டிலேயே விட்டுவிடும். பாணர்கள் தேடி எடுப்பது கலங்கிய, பழுப்பேறிய மணிகளை, நொறுங்கியதுதான் பேசும். சுடும் ஒவ்வொரு முறையும் ஈயம் கொஞ்சம் போகிறது, கணக்கில் மணியின் வயது குறைகிறது. முதல் பாகத்தில் கிழவி "கேட்கக் கேட்க இது குழந்தையாகிவிடும்" என்று சொல்வதும், மூன்றாம் பாகத்தில் இரண்டு கடிகாரங்கள் முரண்படுவதும் ஒரே நிகழ்ச்சிதான்.

கையும் ஒன்றேதான். ஆய்வகத்தில் பாறையை இடித்து, சலித்து, நீரில் அரித்து, காந்தத்தால் இரும்புத் தாதுக்களை நீக்கி, 3.3 அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடு என்ற கனமான திரவத்தில் போடுவார்கள். 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்ஸ் மிதக்கும், 4.6க்கு மேலுள்ள ஜிர்கான் அடியில் தங்கும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு மணியும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காந்தத்தையும் அயோடைடையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரிசியில் கல் அரிக்கும் வேலை. சட்டியை லேசாகச் சாய்த்து ஆட்டினால் அரிசி நீரோடு போகும், கல் தங்கும். கிழவி செய்வது அதைத்தான், தங்கியதை மட்டும் அவள் எறிவதில்லை. அந்த மணிக்கட்டு அசைவை இரண்டு பாகங்களிலும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறேன். அப்படியும் தையல் தெரிந்தது என்றால், நடுவில் 400 பக்கம் விட்டது என் தவறு.

ஆய்வகம் நழுவவில்லை, ஆசிரியையிடம் சொல்லுங்கள். 300 கோடி ஆண்டு வயதுள்ள மணியில் பிழை எல்லையே பத்து லட்சக் கணக்கான ஆண்டுகள். பல மணிகளின் அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால், மேல்முனை பிறந்த காலத்தையும் கீழ்முனை கசிந்த காலத்தையும் காட்டும். அந்தக் கீழ்முனையில் 14,500 ஆண்டும் நேற்றும் ஒரே புள்ளி. யாரோ சுட்டார்கள் என்று சொல்லலாம். கிழவியா, ஆய்வகத்திலேயே ஒருவரா என்று கருவி சொல்லாது. மூன்றாம் பாகத்தின் சந்தேகம் முழுக்க அந்தப் புள்ளியில்தான் நிற்கிறது.

இரண்டாவது பொய்க்கும் ஒரு விலை உண்டு. மொரீசியஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளில் பழங்கால மனிதருக்குச் சான்றே இல்லை, டோடோவே எதிர்ச்சான்று. டச்சுக்காரர் 1598இல் இறங்கினார்கள். பொதுவாக ஏற்கப்படும் கடைசி டோடோ குறிப்பு 1662. பறக்கத் தெரியாத, அஞ்சத் தெரியாத பறவை மனிதரோடு தாங்கியது அவ்வளவுதான். என் மக்கள் எப்போதோ மொரீசியஸுக்கு வந்திருந்தால் டச்சுக்காரர் பார்க்க டோடோ இருந்திருக்காது. அதனால் அவர்கள் கடைசிவரை அந்த ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்கவே இல்லை. கப்பல் கட்டித் தப்பித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்.

ஒரே இரவில் மூழ்குவது பிழை. ஆசிரியை சொன்னது சரி. பனியுகம் முடிந்தபோது கடல் 120 மீட்டர் உயர்ந்தது, ஆனால் அதற்குப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மிக வேகமாக ஏறியது 14,500 ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்து நூற்றாண்டுக்குள் சுமார் 20 மீட்டர். ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர். காவியம் என்றால் கடல் பொங்க வேண்டும் என்ற பழைய ஆசையில் அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டேன்.

பெயர்களுக்கு அடுத்த பதிப்பில் ஒரு வம்சப் பட்டியல் வரும். கிரியோலுக்குப் பொருள் போடமாட்டேன். "கி மான்யேர்" என்று ஒருவர் கேட்டு மற்றவர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னால், அடிக்குறிப்பு எதற்கு?

இரண்டாம் பாகத்தை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். நிலம் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவதாக வைத்தால், 4 சென்டிமீட்டர் ஏற்றத்துக்குக் கரை ஆண்டுக்கு 40 மீட்டர் பின்வாங்கும். அறுபது வயது வாழ்ந்தவள் 2.4 கிலோமீட்டர் நிலத்தை இழந்திருப்பாள். வெள்ளம் வரும் இரவு இனி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே அமாவாசையன்று, ஏற்றம் தொட்ட இடத்தில் ஊரார் ஒரு கம்பு நடுகிறார்கள். சில ஆண்டு போனால் பழைய கம்பு நீருக்குள் நிற்கிறது, குடிசைகளைப் பிரித்து உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். இந்தக் கடலில் ஏற்றவற்றம் அதிகமில்லை என்பதால் நாலைந்து ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். திட்டின் விளிம்பு செங்குத்தாக இறங்குவது, அங்கே இந்தச் சரிவு எண் உதவாது. ஆசிரியைக்கு நேரமிருந்தால் அந்தப் பக்கங்களை அனுப்புகிறேன், கணக்கை ஒருமுறை பார்த்துத் தரட்டும்.