'ஷோகொலா' நாவலில் பாதிரியார் ஏன் ஒரு சாக்லேட் கடைக்குப் பயப்படுகிறார்?

ஜோஆன் ஹாரிஸ் 1999-இல் எழுதிய அந்த நாவலில் வியான் என்ற பெண் சாக்லேட் கடை திறப்பது தவக்காலத் தொடக்கத்தில், அதுவும் தேவாலயத்துக்கு எதிரிலேயே. புதுச்சேரி மிஷன் வீதி மாதா கோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை கறியைத் தொடாத வீடுகள் இங்கே உண்டு. ஆனால் பாதிரியார் ரெனோ அந்த விரதத்தை வைத்து ஊரையே அடக்கப் பார்க்கிறார். கணவனிடம் அடிபடும் ஜோசஃபீன் வீட்டை விட்டுக் கிளம்பி வியானிடம்தான் அடைக்கலம் தேடுகிறாள். ரெனோவை உலுக்குவது அதுதான். அப்புறம், சில அத்தியாயங்களை ரெனோவே சொல்வதால் அவருடைய பசியும் நமக்குத் தெரிகிறது. எனக்கு அவர்மேல் கோபத்தைவிட இரக்கமே அதிகம். திரைப்படத்தில் அவரை ஊர்த்தலைவராக மாற்றிவிட்டார்கள், அதனால் முதலில் நாவலைப் படியுங்கள்.