கணினிச் செஸ் போட்டியில் இரண்டு பக்கமும் இயந்திரம்தானே? கடிகாரத் தகராறும் நடுவரும் எதற்கு?

இயந்திரங்களுக்குள் சண்டை வருவதில்லை. இடையில் ஒரு மனிதரின் கை இருக்கிறதே, வம்பு அங்கேதான்.

2024 வரை நடந்த உலகக் கணினிச் செஸ் சாம்பியன்ஷிப் மாதிரியான நேரடிப் போட்டிகளில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் ஆபரேட்டர் உட்காருவார். திரையில் வரும் நகர்த்தலைப் பலகையில் வைத்து, கடிகாரத்தை அமுக்கி, எதிராளி ஆடியதைத் திரும்பத் தட்டிவிடுவது அவர் வேலை. இதற்குப் பிடிக்கும் நொடிகள் அவருடைய புரோகிராமின் கணக்கில்தான் கழியும். புரோகிராமுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு இது தெரியாது. ஐம்பது நகர்த்தல் தாண்டினால் திரையில் ஒரு நேரம், மேசையில் ஒரு நேரம். செல்லுபடியாவது மேசையில் இருப்பது.

ஆளே இல்லாவிட்டாலும் இந்தத் தொல்லை உண்டு. வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் இரண்டு எஞ்சின்களை, அதாவது செஸ் ஆடும் புரோகிராம்களை, ஒரு நிமிட ஆட்டத்தில் மோதவிட்டேன். ஜெயிக்கவேண்டியது நேரம் தீர்ந்து தோற்றது. யோசித்து முடித்துவிட்டது, பதில் வந்து சேரத்தான் தாமதம். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் இந்தத் தாமதத்துக்கென்றே கொஞ்சம் நேரத்தை ஒதுக்கிவைக்க 'மூவ் ஓவர்ஹெட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நாமாக மாற்றாவிட்டால் 10 மில்லிநொடி. அதை 100க்கு ஏற்றியதும் சரியாகிவிட்டது.

நடுவர் விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நடந்த சாம்பியன்ஷிப்பில் ஷ்ரெட்டர், ஜானி என்ற இரண்டு புரோகிராம்கள் மோதின. ஷ்ரெட்டருக்கு வெற்றி நிலை. ஆனால் அதிலிருந்த ஒரு கோளாறால் ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது. ஜானியின் திரையிலும் அந்த அறிவிப்பு தெரிந்தது. அப்படி மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. கேட்டிருந்தால் டிரா. ஜானியை ஓட்டியவர் கேட்கவில்லை. எதிராளியின் கோளாறில் அரைப் புள்ளி வாங்க அவருக்கு மனம் வரவில்லை. தொடர்ந்து ஆடித் தோற்றார். முடிவு செல்லும் என்றார் நடுவர். அந்த அரைப் புள்ளியால் ஷ்ரெட்டர் முதலிடத்தில் ஃபிரிட்ஸ் என்ற இன்னொரு புரோகிராமோடு சமனாகி, பிளே-ஆஃபில் அதை வென்று பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

அவர் பெருந்தன்மையானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் இது கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. நஷ்டம் ஃபிரிட்ஸுக்கு. டிரா கேட்பது ஆடுபவரின் உரிமை, அவர் கேட்கவில்லை, ஆகவே முடிவு சரி என்று நடுவர் பக்கம் பேசுவோர் உண்டு. சரி, ஆடியது யார்? ஜானிதானே! ஆபரேட்டர் அதன் கை மட்டும் என்றால், வேண்டாம் என்று சொல்ல கைக்கு ஏது உரிமை? என் கணக்கில் அது டிராதான்.

அப்புறம், கடிகாரம் துல்லியமாக ஓடினாலே நியாயம் வந்துவிடாது. 2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற செயற்கை நுண்ணறிவுப் புரோகிராம் ஸ்டாக்ஃபிஷோடு ஆடிய 100 ஆட்டங்களில் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தார்கள். எங்கே நிதானிப்பது, எங்கே சட்டென்று ஆடுவது என்று நேரத்தைப் பிரித்துச் செலவழிப்பது ஸ்டாக்ஃபிஷின் பலங்களில் ஒன்று. அதற்கு அங்கே வேலையே இல்லை. ஆல்ஃபாஸீரோவுக்கு 28 வெற்றி, 72 டிரா. எதிர்ப்பு கிளம்பியது. 2018 இறுதியில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஆளுக்கு 3 மணி நேரமும் நகர்த்தலுக்கு 15 நொடி கூடுதலும் கொடுத்து 1,000 ஆட்டங்கள். அதிலும் ஆல்ஃபாஸீரோவுக்கு 155 வெற்றி. ஆனால் இந்த முறை 6 தோல்வியும் இருந்தது.