பத்து வருடம் தாண்டிய பிக்கப் கிளம்பும்போது குலுங்குகிறது. டயர் பேலன்சிங் செய்தும் போகவில்லை. வேறு என்ன காரணம்?

வண்டி எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழை (COE, வண்டி வைத்திருப்பதற்கான அனுமதி) புதுப்பித்து ஓட்டுகிற ஹைலக்ஸ், டி-மேக்ஸ் மாதிரி டீசல் மேனுவல் வண்டி, பின்னால் சாமான் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

குலுங்குகிறது என்றதும் டயரில் கை வைப்பது இங்கே பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. பேலன்ஸ் கோளாறு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது தெரியாது. வேகம் ஏற ஏறத்தான் ஸ்டீயரிங்கில் தெரியும். இந்த வகை வண்டிக்கு விரைவுச்சாலையிலேயே 70 கிலோமீட்டர்தான் வரம்பு, அதற்குள் பல நேரம் அது தலைகாட்டவே காட்டாது. 30ஐத் தொடுவதற்குள் அடங்கிவிடும் நடுக்கத்துக்கு பேலன்சிங் காசு கொடுத்தது வீண்.

எந்த நொடியில் குலுங்குகிறது என்று கவனியுங்கள். கிளட்சைப் பாதி விட்டிருக்கும்போது மட்டும் உதறி, கால் முழுக்க எடுத்ததும் நின்றுவிட்டால் கோளாறு கிளட்சில். பல நேரம் எஞ்சின் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க எண்ணெய் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ கசிந்து கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டிருக்கும். சீலை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றினால் அதே உதறல் திரும்ப வரும்.

கிளட்சை முழுக்க விட்ட பிறகும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தரைக்கு அடியிலிருந்து கடகடவென்று வந்தால், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு அது. நீளமான பிக்கப்புகளில் அது இரண்டு துண்டு. நடுவில் ஒரு சென்டர் பேரிங், அதைச் சுற்றி ரப்பர். வெயிலும் எண்ணெயும் பட்டு அந்த ரப்பர் வெடித்துவிடும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பேரிங் பக்கத்தில் ஷாஃப்டை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு. கிழிந்து ஷாஃப்ட் தொங்கினால் மாற்றியே ஆக வேண்டும். பிறகு ஒவ்வொரு யு ஜாயின்டின் (ஷாஃப்ட் கோணம் மாறினாலும் சுழல விடும் இணைப்பு) இரு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. மூடியைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் பிளாஞ்சிலும் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு), ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பற்கள் கொண்ட ஸ்பிளைனிலும் பெயின்டால் கோடு போடச் சொல்லுங்கள். ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி ஏறினாலே இரண்டு ஜாயின்டும் ஒரே கோட்டில் நிற்காது, வண்டி முன்பைவிட மோசமாக அதிரும். சென்டர் பேரிங் பிராக்கெட்டில் வாஷர் இருந்தால் அதே தடிமனில் திரும்பப் போட வேண்டும். ஷாஃப்டின் கோணமே அதில்தான் இருக்கிறது. அதிகச் சுமைக்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்த வண்டிகளிலும் இந்தக் கோணம் கெடும். காலியாகப் போகும்போது குலுங்கி, சாமான் ஏற்றினால் சரியாகிவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கணும்.

எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் விடாதீர்கள். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதே ஆட்டம் இருந்து, ரேஸ் கொடுத்ததும் அடங்கினால் அதுதான். பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்க். சீட்டு ஆடினால் பின் டிரம்.

எஞ்சினே ஒரு சிலிண்டர் விட்டு ஓடுவதுபோல் இருந்தால், பழைய பாணியில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டாம். காமன் ரெயில் டீசல் எஞ்சினில் மிக அதிக அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

கட்டுமானத் தளத்துக்குப் போகும் வண்டியா? ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். காய்ந்த சிமெண்ட் கட்டி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் பேலன்ஸ் செய்தால், அடுத்த குழியில் கட்டி உதிர்ந்ததும் எல்லாம் பழையபடிதான்.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, உனக்கெதற்கு" என்று சிலர் எழுதுவார்கள். மெக்கானிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கியரில், எந்த வேகத்தில், சுமையோடா காலியாகவா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார்.

இன்னொன்றும் சொல்லணும். இந்த மாதிரி வண்டிகளின் பின்னால் நம் ஊர்த் தம்பிகள்தான் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். கூரையும் கம்பியும் வைத்தாகிவிட்டது, சட்டம் அனுமதிக்கிறது என்று பல முதலாளிகள் நிறுத்திக்கொள்கிறார்கள். அறுந்த ஷாஃப்ட் ஓடும் வண்டியில் கீழே விழுந்தால், அது சுழன்று அவர்கள் உட்கார்ந்திருக்கும் தளத்தையே அடிக்கலாம். "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், பரிசோதனைக்கு முன்னால் பார்க்கலாம்" என்று உங்கள் முதலாளி சொன்னால், ஆட்டம் காட்டும் யு ஜாயின்டைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். மாற்றும் வரை ஆள் ஏற்றாதீர்கள்.