பொருட்கள் மேல் இருந்த பற்றை விட்டு, ‘இது போதும்’ என்று வாழக் கிறிஸ்தவ விசுவாசம் உங்களுக்கு உதவியதா?

உதவியது. ஆனால் நான் எதிர்பார்த்த வழியில் இல்லை, ரொம்ப வருஷமும் ஆனது.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை புரண்டபோது நாங்கள் முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். பிள்ளைகளோடு இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தோம். தண்ணீர் வடிந்து கீழே வந்து பீரோவைத் திறந்தால், கல்யாணப் பட்டு முதற்கொண்டு எல்லாச் சேலையும் சேறும் சாக்கடையுமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. உயிர் தப்பினதே போதும் ஆண்டவரே என்று முழங்கால் போட்டு அழுதேன், உண்மையாகவே அழுதேன், சபையில் எழுந்து சாட்சியும் சொன்னேன். அப்புறம் ஒரே வருஷத்தில், போன சேலைகளைவிட அதிகமாக வாங்கிவிட்டேன். ஒரு பீரோ இரண்டு பீரோ ஆனது. இழந்தால் பற்று போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த இழப்பு பயத்தைத்தான் கொடுத்தது, பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

2018-ல் அம்மா இறந்தார்கள். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி, ஏழு பவுன், அக்காவிடம் இருந்தது. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அக்காதான். இருந்தாலும் எனக்குப் பாதி வர வேண்டும் என்று கேட்டேன். “அம்மா எனக்குத்தான் தந்தாங்க” என்றாள். அதோடு இரண்டு வருஷம் பேச்சே இல்லை. அந்த இரண்டு வருஷமும் நான் ஒரு ஞாயிறு ஆராதனைகூடத் தவறவிட்டதில்லை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் சரியாகக் கொடுத்துவந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் நாசரேத் பக்கமிருந்து வந்து எங்களோடு தங்கினார்கள். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. சோறு வைக்க அரிசி அளந்ததும் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை கோயிலில் காணிக்கையாகப் படைப்பார்கள். அத்தையின் சபையில் அதை ஏலம் விட்டு, வரும் பணம் ஊழியத்துக்குப் போகும். மிசோரம் சபைகளிலும் இதே வழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அத்தை ஒரு பழைய பால்பவுடர் டப்பாவைக் கழுவி அடுப்பு மேடையில் வைத்தார்கள். நானும் அரிசி வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“வாளியில இருந்து எடுக்காதம்மா. உழக்குல நமக்குன்னு அளந்தோம் பாரு, அதுல இருந்து எடு.”

எல்லாம் ஒரே அரிசிதானே அத்தை என்றேன். “வாளியில எடுத்தா உனக்கு ஒண்ணும் குறையாதே” என்றார்கள்.

அளந்த உழக்கில் ஒரு பிடி எடுத்தால் நடுவில் குழி விழும். முதல் வாரம் முழுக்க, அத்தை அந்தப் பக்கம் போனதும் அந்தக் குழியை வாளி அரிசி போட்டு நிரப்பிவிடுவேன். சோறு பத்தாமல் போய்விடுமோ என்று பயம். ஒரு நாள் நிரப்பாமலே உலையில் போட்டேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள், யாரும் கவனிக்கக்கூட இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் தந்த மன்னா என்ற உணவை ஓமர் என்ற அளவால் அளந்தபோது அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்தவள் நான். அது என் சமையலறைக்குள் வர நாற்பது வயது ஆகிவிட்டது.

அப்போஸ்தலன் பவுல் சிறையிலிருந்து பிலிப்பி சபையாருக்கு எழுதும்போது ‘மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’, அதாவது இருப்பதில் திருப்தியாயிருக்க, என்கிறார். ‘கற்றுக்கொண்டேன்’ என்ற வார்த்தையை அத்தனை வருஷமும் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். ஜெபித்தால் ஒரே ராத்திரியில் அந்த மனசு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவரே பழகித்தான் வந்திருக்கிறார். அடுத்த வசனத்தில் தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த இரண்டாவதுதான்.

அப்புறம் ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் வேதத்தில் லூக்கா 12 வந்தது, மகன் வாசித்தான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தும் அந்த ராத்திரியே உயிர் போகவிருந்த ஐசுவரியவான் கதை தெரிந்ததுதான். இயேசு அதை எப்போது சொன்னார் என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஆஸ்தியை எனக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்கிறான், அவனுக்கு வந்த பதில் அந்தக் கதை. அவன் கேட்ட பங்கு நியாயமா இல்லையா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. நான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுபோயின.

அப்படியும் அக்காவுக்குப் போன் செய்ய ஒரு மாதம் ஆனது. “சங்கிலி உன்கிட்டயே இருக்கட்டும்க்கா” என்பதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. அந்தப் பக்கம் அவள் அழுதாள். அப்புறம் ரொம்ப நேரம் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பீரோவைக் குறைத்தது அதற்கும் பிறகுதான். கட்டாத சேலைகளோடு, நான் இன்னும் கட்ட ஆசைப்பட்ட இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன், உழக்கிலிருந்து எடு என்று அத்தை சொன்னபடி.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா சம்பளம் கூட்டிக் கேட்டபோது, இருப்பதில் திருப்தியாக இருக்கணும் என்று அவரிடம் சொன்னேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ல் எழுதியிருக்கிறது. வசதியாக இருப்பவர்கள் கஷ்டப்படுகிறவர்களிடம் போதுமென்ற மனதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் திடமான எண்ணம். அந்த அம்மா கேட்டதைக் கொடுத்தேன், ஆனால் தாமதமாகத்தான்.

போன வருஷம் அக்காவும் நானும் திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் டோனாவூர் போயிருந்தோம். எத்தனையோ பிள்ளைகளை அங்கே வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1951-ல் அவர் இறந்ததும் பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள். அதன் முன்னால் நிற்கும்போது அக்கா கழுத்தில் அந்தச் சங்கிலி கிடந்தது. ஆசை முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். கொக்கி தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். கிட்டே போய் இறுக்கிப் பூட்டிவிட்டேன்.