ஐம்பது பேர், ஒரு குலுக்கல்: அனாஹைம் பத்தி ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் கலிஃபோர்னியாவுல அர்வைன்ல வேலை பாக்கறேன். போன மாசம் ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, எல்லாரும் போற மாதிரி அனாஹைம் டிஸ்னிலேண்டுக்கு கூட்டிட்டு போனேன். மறுநாள் பழைய டவுன் பக்கம் சுத்தினப்போ மதர் காலனி ஹவுஸ்னு ஒரு சின்ன மரவீடு பாத்தோம். 1857ல கட்டினதாம், அந்த ஊர்லயே மொத வீடாம். ஜெர்மன்காரங்க 50 பேர் காசு போட்டு நிலம் வாங்கி திராட்சை வச்சு உருவாக்கின ஊருன்னு தெரிஞ்சதும் ஆச்சரியமா போச்சு.

இவங்க ஏதாவது மதக்குழுவா, இல்ல கம்யூன் மாதிரி வாழ வந்தவங்களா? விவசாயமே தெரியாதவங்களால எப்படி முடிஞ்சது? நிலம் யாரோடது? திராட்சையெல்லாம் போய் டிஸ்னிலேண்ட் வந்துடுச்சே, அப்போ அந்த முயற்சி தோத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?

கேக்கறதுக்கு காரணம் இருக்கு. நாங்க ஃப்ரெண்ட்ஸ் 8 பேர் ஊர்ல சேர்ந்து நிலம் வாங்கலாம்னு பேசி, ரோட்டு பக்கம் யாருக்கு, கிணத்து பக்கம் யாருக்குன்னு வாட்ஸ்அப்ல சண்டையாகி அப்படியே நின்னுபோச்சு.

அன்புடன்,
உங்க வாசகன், அர்வைன்

அன்புள்ள தம்பி,

மதக்குழு இல்ல, கம்யூனும் இல்ல. அமெரிக்காவுல ஜெர்மன் குடியேற்றம்னாலே தாடி, குதிரைவண்டி, பைபிள்னு ஆமிஷ் மாதிரி ஒரு படம் நமக்கு மனசுல வந்துடுது. அனாஹைம்ல பாதிரியார் தலைமையும் கிடையாது பொதுச் சமையலும் கிடையாது. 1857 பிப்ரவரில சான் ஃபிரான்சிஸ்கோவுல லாஸ் ஏஞ்சலஸ் வின்யார்ட் சொசைட்டினு பேர் வச்சு 50 பங்கு போட்டு ஆரம்பிச்ச கம்பெனி அது. பங்கு 750 டாலர்னு ஆரம்பிச்சு, வேலை முடியறப்போ ஒரு பங்கு 1200 டாலர்ல வந்து நின்னுச்சு.

இதுக்கு பின்னாடி இருந்த ரெண்டு பேர் இசைக்கலைஞர்கள். சார்ல்ஸ் கோலர் வயலின்காரர், ஜான் ஃப்ரோலிங் புல்லாங்குழல்காரர். 1854லயே சேர்ந்து ஒயின் வியாபாரம் ஆரம்பிச்சுட்டாங்க, ஒருத்தர் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒயின் பண்ண, இன்னொருத்தர் சான் ஃபிரான்சிஸ்கோவுல விக்க. வியாபாரம் நல்லா போகப்போக வாங்கறதுக்கு திராட்சை பத்தல. இன்னொரு பக்கம் பாத்தா தங்க வேட்டை மவுசு அடங்கி, 1855ல பேங்குகள் வரிசையா விழுந்து, சான் ஃபிரான்சிஸ்கோவுல வேலை செஞ்சுட்டு இருந்த ஜெர்மன்காரங்க நிறைய பேருக்கு இனி இங்க என்ன இருக்குன்னு ஒரு யோசனை. தச்சர், கொல்லர், வாட்ச் ரிப்பேர்காரர், துப்பாக்கி செய்றவர், செருப்பு தைக்கறவர், புத்தகம் பைண்டிங் பண்றவர், பீர் காய்ச்சறவர், மியூசிக்காரங்க, இப்படித்தான் இருந்தது பங்குதாரர் பட்டியல். மண்வெட்டி பிடிச்ச கை ரொம்ப கம்மி.

நிலம் பாக்கற பொறுப்பு ஜார்ஜ் ஹான்சன்னு ஒரு சர்வேயர்கிட்ட. ஆஸ்திரியாக்காரர், அப்போ லாஸ் ஏஞ்சலஸ்ல நில அளவை வேலைல இருந்தவர். சான்டா ஆனா ஆத்துக்கு பக்கத்துல ஹுவான் பசிஃபிகோ ஒன்டிவெரோஸ்ங்கறவர்கிட்ட 1165 ஏக்கர், ஏக்கர் 2 டாலர்னு 1857 செப்டம்பர்ல வாங்கினாங்க. மொத்தம் 2330 டாலர்.

இந்த எடத்துல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க தம்பி, எனக்கு இந்த கதைல முக்கியமா படறதே இதுதான். 50 பங்கு, பங்குக்கு 1200 டாலர்னா 60,000 டாலர். அதுல நிலத்துக்கு போனது 2330, அதாவது நூத்துக்கு நாலு ரூபா கூட இல்ல. மிச்சம் அத்தனையும் வாய்க்கால், திராட்சை நாத்து, வேலி, கூலி, ரெண்டு வருஷ பராமரிப்பு. சேர்ந்து நிலம் வாங்கினாங்கன்னு சொல்றோமே, உண்மைல அவங்க சேர்ந்து வாங்கினது தண்ணியும் ரெண்டு வருஷ உழைப்பும்தான். அந்த வெயில்ல, அந்த காய்ஞ்ச தரைல, வெறும் மண்ணுக்கு அவ்வளவுதான் மதிப்பு. நம்ம ஊர்ல சேர்ந்து நிலம் வாங்கறவங்க கைல இருக்கற காசு மொத்தத்தையும் பத்திரப்பதிவுலயே கொட்டிட்டு, போர்வெல்லுக்கும் வேலிக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்கறத நிறைய பாத்திருக்கேன்.

அடுத்தது, அவங்க யாரும் உடனே கிளம்பி வரல. ஹான்சன் ஒருத்தர் அங்க இருந்து வேலைய நடத்தினார், மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க சான் ஃபிரான்சிஸ்கோவுல அவங்கவங்க தொழில பாத்துகிட்டு தவணை கட்டினாங்க. ஏலச்சீட்டு கட்டற மாதிரின்னு வச்சுக்கோங்களேன். ஹான்சன் ஆத்துல இருந்து மைல் கணக்குல வாய்க்கால் வெட்டினார், 20 ஏக்கர் வீதம் 50 மனை அளந்தார், நடுவுல ஊருக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் இடம் விட்டார், ஒவ்வொரு மனைலயும் 8 ஏக்கர்ல 8000 கொடி, மொத்தம் 4 லட்சம் திராட்சைக் கொடி. சுத்தி சுமார் அஞ்சரை மைலுக்கு வேலி. வேலின்னா கம்பி இல்ல, வில்லோ மரக் கழி, கிட்டத்தட்ட 40,000 கழிய நட்டாங்க. அது வேர் பிடிச்சு தழைஞ்சு உயிர்வேலியாவே ஆயிடுச்சு. நாலு பக்கமும் நாலு கேட். இப்பவும் அந்த பழைய காலனியோட எல்லை நார்த் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட்தான், மேப்ல எடுத்துப் பாத்தீங்கன்னா தெரியும். டிஸ்னிலேண்ட் இதுக்கு தெக்கால, அந்த 1165 ஏக்கருக்குள்ள வராது.

இப்போ உங்க வாட்ஸ்அப் சண்டைக்கு வரேன். 1859ல மனைகள பிரிச்சாங்க. 50 மனையும் ஒரே அளவு, ஆனா ஒரே தரம் இல்லல்ல. அதனால மொதல்ல இருக்கற இடத்த பொறுத்து ஒவ்வொரு மனைக்கும் ஒரு மதிப்பு போட்டாங்க, 600 டாலர்ல இருந்து 1400 டாலர் வரைக்கும். அதுக்கப்புறம் குலுக்கல். 1400 டாலர் மனை விழுந்தவர் 200 டாலர பொது நிதில கட்டணும். 600 டாலர் மனை விழுந்தவருக்கு பொது நிதில இருந்து 600 டாலர் ரொக்கமா குடுத்துடுவாங்க. ஆக எது விழுந்தாலும் ஆளுக்கு 1200 டாலர் கணக்கு சரியா வந்துடும். பெரிய கணக்கு ஒண்ணும் இல்ல, ஆனா இத யோசிச்சவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை. மதிப்பு போடறப்போ எது தனக்கு விழும்னு யாருக்கும் தெரியாது, அதனால ஏத்திச் சொல்லவும் காரணம் இல்ல எறக்கிச் சொல்லவும் காரணம் இல்ல. அதிர்ஷ்டம்னு வர்றத அப்படியே ஒருத்தர் மடில விட்டுடாம அதையும் பங்கு போட்டுட்டாங்க. எல்லாம் முடிஞ்சு கம்பெனியோட சாமானெல்லாம் வித்ததுல ஆளுக்கு 100 டாலருக்கு மேல திரும்பியும் வந்துச்சு.

நீங்க 8 பேரும் ரோட்டு பக்கம் யாருக்குன்னு பேச ஆரம்பிச்சதுதான் தப்பா போச்சுன்னு நினைக்கறேன். ரோட்டு பக்க மனைக்கு எவ்வளவு கூட, உள்பக்க மனைக்கு எவ்வளவு குறைச்சல்னு மொதல்ல எழுதுங்க, எல்லாரும் கையெழுத்து போடுங்க, சீட்டு அப்புறம் எடுத்துக்கலாம்.

முன்னேற்பாடு இல்லாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கும் ஜெர்மன்காரங்க கதையே இருக்கு. ஃபிலடெல்ஃபியால 1836ல ஒரு குடியேற்ற சங்கம் ஆரம்பிச்சு, மிசௌரில ஹெர்மன்னு ஒரு ஊருக்காக ஏஜென்ட் ஒருத்தர் மூலமா 11,000 ஏக்கருக்கு மேல வாங்கினாங்க. பேப்பர்ல அழகா நேர்நேர் தெரு போட்டு மனை வித்தாச்சு, அங்க போய் பாத்தா மேடும் பள்ளமுமா செங்குத்தான குன்று. 1837 குளிர்காலத்துல மொத 17 பேர் போய் இறங்கினப்போ ஒண்ணுமே தயாரா இல்ல, பழி மொத்தமும் அந்த ஏஜென்ட் தலைல விழுந்துச்சு. பின்னாடி அதே குன்றுல திராட்சை போட்டு பொழச்சாங்க, அது வேற விஷயம்.

அனாஹைம் பக்கத்துலயே இன்னொண்ணு நடந்தது. 1876ல போலந்துல இருந்து ஹெலனா மொஜெஸ்காங்கற பெரிய நாடக நடிகையும் அவங்க கூட்டாளிகளும் பண்ணை போட்டு சேர்ந்து வாழலாம்னு வந்தாங்க, பின்னாடி நோபல் பரிசு வாங்கின ஹென்ரிக் சியன்கியேவிச்சும் அதுல ஒருத்தர். ஜெர்மன் தெரியும், அக்கம்பக்கத்துல பேசிக்கலாம்னுதான் அனாஹைம தேர்ந்தெடுத்தாங்க. கொஞ்ச நாள்லயே காசு கரைஞ்சு போச்சு, அந்தம்மா அடுத்த வருஷமே சான் ஃபிரான்சிஸ்கோ மேடைக்கு போயிட்டாங்க. அவங்களுக்கும் விவசாயம் தெரியாது, இந்த 50 பேர்ல பெரும்பாலானவங்களுக்கும் தெரியாது. ஆனா இவங்களுக்கு முன்னாடி ஹான்சன் ரெண்டு வருஷம் வேலை பாத்து வச்சிருந்தார், வந்து இறங்கறப்போ கொடி வளர்ந்து நின்னுச்சு.

தோத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அத நான் ஒத்துக்க மாட்டேன். 1862 ஜனவரி வெள்ளத்த தாங்கினாங்க. அது முடிஞ்ச கையோட வந்த பஞ்சத்துல தெற்கு கலிஃபோர்னியா முழுக்க மாடு மந்தை மந்தையா செத்துச்சு, பசில வெறிபிடிச்ச மாடுங்க அந்த வில்லோ வேலிய முட்டிகிட்டு வர, கேட்ல காவல் போட்டு தோட்டத்த காப்பாத்தினாங்க. அப்புறம் இருபது வருஷம் அமோகம். 1880கள்ல சுமார் 50 ஒயின் ஆலை அங்க இருந்தது, வருஷத்துக்கு பத்து லட்சம் காலனுக்கு மேல ஒயின். அப்புறம்தான் அந்த நோய் வந்துச்சு. இலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி காயும், பழம் கொத்தோட சுருங்கும், கொடியே பட்டுப்போகும். சில வருஷத்துல மொத்த தோட்டமும் போச்சு. அரசாங்கம் நியூட்டன் பியர்ஸ்னு ஒரு தாவர நோய் ஆராய்ச்சியாளர அனுப்பிச்சு, அவர் 1892ல அறிக்கை குடுத்தார், ஆனா காரணம் அவருக்கும் பிடிபடல. தத்துப்பூச்சி மூலமா பரவற ஒரு பாக்டீரியான்னு 1970கள்லதான் தெரிஞ்சது. அனாஹைம் நோய்னு சொல்லிட்டு இருந்தத இப்போ பியர்ஸ் நோய்னு சொல்றாங்க, இன்னைக்கும் மருந்து கிடையாது. அவங்க நிலத்த எப்படி பிரிச்சாங்கங்கறதுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்ல. கொடி போனதும் வால்நட், ஆரஞ்சுன்னு மாத்தினாங்க, மாத்த முடிஞ்சதுக்கு காரணம் வாய்க்கால். நிலத்த ஆளுக்கு ஆள் பிரிச்சுகிட்டாங்களே ஒழிய தண்ணிய பிரிக்கல. வாட்டர் கம்பெனி நிலக்காரங்க கைலயே இருந்தது, 1884ல அனாஹைம் யூனியன் வாட்டர் கம்பெனின்னு அது இன்னும் பெருசாச்சு. 1955ல டிஸ்னிலேண்ட் வந்தது திராட்சைத் தோட்டத்துல இல்ல தம்பி, ஆரஞ்சுத் தோப்புல.

நிலம் யாரோடதுன்னு கேட்டீங்க, இத கேட்டதுக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லணும். ஒன்டிவெரோஸுக்கு அது 1837ல மெக்சிகோ அரசாங்கம் குடுத்த நிலம், சுமார் 36,000 ஏக்கர். கலிஃபோர்னியா அமெரிக்கா கைக்கு வந்ததும் 1851ல ஒரு சட்டம் போட்டு, பழைய பட்டாக்காரங்க எல்லாரும் கமிஷன் முன்னாடி வந்து இது என் நிலம்தான்னு நிரூபிக்கணும்னு சொல்லிட்டாங்க. வழக்கு, வக்கீல் செலவு, வரின்னு எத்தனையோ ராஞ்சோக்காரங்க, அதாவது பெரிய பண்ணை நிலம் வச்சிருந்தவங்க, நிலத்த வித்தே காலி ஆனாங்க. ஒன்டிவெரோஸ் நிலத்துக்கு அமெரிக்க பட்டா வந்தது 1877ல. அதுக்கு 20 வருஷம் முன்னாடியே அவர் ஜெர்மன்காரங்களுக்கு வித்துட்டார். அந்த 2 டாலர் ஏமாத்தி வாங்கின விலை இல்லதான், ஆனா அந்த விலைக்கு நிலம் கிடைச்சதுக்கு பின்னாடி இந்த நெருக்கடியும் இருந்தது. அவருக்கும் முன்னாடி அந்த ஆத்தோரத்துல இருந்த பூர்வகுடிகளுக்கு யாரும் ரெண்டு டாலர் கூட குடுக்கல.

அந்த வாய்க்கால வெட்டினதும், 4 லட்சம் கொடிய நட்டதும் பூர்வகுடி ஆளுங்களும் மெக்சிகோ ஆளுங்களும்தான். பின்னாடி வருஷங்கள்ல சீனத் தொழிலாளிகளும் வந்தாங்க, அனாஹைம்ல ஒரு சைனாடவுனே இருந்தது. 1850ல கலிஃபோர்னியா போட்ட ஒரு சட்டப்படி, சும்மா சுத்தறான்னு குற்றம் சாட்டி ஒரு பூர்வகுடி ஆள பிடிச்சு அவன் உழைப்ப ஏலம் விடலாம், லாஸ் ஏஞ்சலஸ்ல அது வாரா வாரம் நடந்தது. அப்படி ஒரு ஊர் பக்கத்துல கூலி எவ்வளவு மலிவா கிடைச்சிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. 200 டாலர் கூட வந்தா திருப்பிக் கட்டணும்னு அவ்வளவு நேர்மையா கணக்கு போட்டவங்க, வெட்டினவங்களுக்கு ஒரு பங்கு கூட ஒதுக்கல. குலுக்கல் பெட்டிக்குள்ள இருந்தது 50 சீட்டு, அந்த 50ம் தவணை கட்டினவங்களுக்கு மட்டும்தான். அந்த குலுக்கல நான் எத்தனை மனசார பாராட்டறேனோ அதே அளவுக்கு இது எனக்கு உறுத்துது. ரெண்டையும் சேத்துத்தான் உங்களுக்கு எழுதணும்னு தோணிச்சு.

அன்புடன்