அலுவலகத்துக்கு ஒரு பக்கம், ஏழு கறிக்கு ஒரு பக்கம்

கேள்வி: எபேனில் உள்ள ஒரு கணக்கியல் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கணக்காளர்களுக்கான ஏசிசிஏ தொழில்முறைத் தேர்வில் ஒன்பது தாள்களை முடித்துவிட்டேன். வார இறுதியில் என் மாமியாரும் நானும் வீட்டிலேயே ஏழு கறி (இலையில் ஏழு வகைக் கறிகளோடு பரிமாறும் விருந்து) சமைத்து விசேஷ வீடுகளுக்குக் கொடுக்கிறோம். எல்லாவற்றையும் என் சொந்த ஃபேஸ்புக் கணக்கிலேயே போட்டு வருகிறேன். லைக் நிறைய வருகிறது, ஆர்டர் வருவதில்லை. பதவி உயர்வுக்கும் சமூக ஊடகம் உதவும் என்கிறார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துக்கொள்ளலாமா? மேலாளர் பார்த்துவிடுவாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.
— வாசகி ஒருவர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: இரண்டையும் பிரித்துவிடுங்கள். உங்கள் சமையலைத் தேடி வரும் குடும்பத்துக்கும், உங்களுக்குப் பெரிய பொறுப்பு ஒன்றைக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் மேலாளருக்கும் மனத்தில் எழும் சந்தேகங்கள் வெவ்வேறானவை. காதுகுத்துக்கு அறுபது பேருக்கு இலை போட வேண்டியவர், சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வந்து சேருமா, சமைக்கும் இடம் சுத்தமாக இருக்குமா, தலைக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் கவலைப்படுகிறார். உங்களை மேலே உயர்த்த நினைப்பவரோ, இவர் மாத இறுதிக் கணக்கைத் தனியாக முடித்துவிடுவாரா, வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பாரா என்று பார்க்கிறார். நீங்கள் இடும் ஒவ்வொரு பதிவும் இப்படிப்பட்ட ஒரு சந்தேகத்தையாவது தீர்க்க வேண்டும். இப்போது லைக் போடுபவர்களில் பெரும்பாலோர் உறவினரும் பழைய தோழிகளுமாகவே இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் கைப்பக்குவம் ஏற்கெனவே தெரியும். புதிதாக வாங்க வருபவருக்கு வேண்டிய விவரம் அந்தப் பதிவுகளில் இல்லாததால்தான் ஆர்டர் வரவில்லை என்று கருதுகிறேன்.

முதலில் சமையலைப் பார்ப்போம். ஃபேஸ்புக்கில் சொந்தக் கணக்கு தனிமனிதருக்கென்று அமைந்தது, வியாபாரத்துக்கென்று அமைந்ததல்ல. அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்கவும் முடியாது. ஆகவே தொழிலுக்கென்று தனியாக ஒரு பக்கம் தொடங்குங்கள். அதன் நிர்வாகியாக உங்களோடு இன்னொருவரையும், கணவரையோ நாத்தனாரையோ, சேர்த்துவிடுங்கள். உங்கள் கைப்பேசி தொலைந்தாலும் கணக்கு முடங்கினாலும் பக்கம் குடும்பத்தின் கையைவிட்டுப் போகாது. இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பாதுகாப்பை) இருவருமே அன்றைக்கே இயக்கிவிட வேண்டும்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் உள்ளூர் உண்மையை மனத்தில் வையுங்கள். நம் தமிழ்க் குடும்பங்களிலேயே தமிழ் எழுத்தை வாசிக்க இயலாத இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். பேனரில் தமிழ் எழுத்து அழகாக இருக்கட்டும், ஆனால் ரோமன் எழுத்தில் பெயரை ஒரே ஒரு விதமாக மட்டும் எழுதுங்கள். பிரெஞ்சு வழக்கில் ஒரு முறையும் ஆங்கில வழக்கில் மறுமுறையும் எழுதினால் தேடுபவர் கண்ணுக்கு அகப்படாமல் போவீர்கள். அந்த ஒரே எழுத்துமுறையே தொழில் பதிவிலும், வாட்ஸ்அப்பிலும், பணம் வாங்கும் இடத்திலும் இருக்கட்டும். பதிவுகளின் மொழி, தீவில் பரவலாகப் பேசப்படும் கிரியோலாக இருப்பதே நல்லது. பண்டிகை வாழ்த்தைத் தமிழில் ஒரு வரி மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "முருகன் அருளால் இன்றைய ஏழு கறி நன்றாக அமைந்தது" என்று ஒரு படத்துடன் போட்டால், படிப்பவர் கைகூப்பிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "தைப்பூசக் காவடி விரதத்துக்கு ஏழு கறி. முழுச் சைவம். வாழைக்காய், பரங்கிக்காய், பலாக்காய்க் கறிகளோடு ரசமும் பாயசமும் உண்டு. இலையும் நாங்களே தருகிறோம். குறைந்தது இருபது பேருக்கு. ரோஸ் ஹில், போ பாஸன், காத்ர் போர்ன் வரை காலை பத்து மணிக்குள் கொண்டுவந்து சேர்ப்போம். ஐந்து நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், பாதித் தொகை முன்பணம்." இதோடு தலைக்கு என்ன விலை என்பதையும் தவறாமல் எழுதுங்கள். "விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்" என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டு விலகிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது விற்பவருக்குத் தெரிவதே இல்லை.

படங்கள் மூன்று போதும். முதலாவது, சன்னல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து எடுத்த இலை. ஏழு கறியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இரண்டாவது, பெயர் ஒட்டி மூடிய பாத்திரங்கள் வண்டியில் ஏறத் தயாராக இருக்கும் காட்சி. மூன்றாவது, துடைத்து முடித்த அடுப்பங்கரை. பலரும் மூன்றாவதை எடுப்பதே இல்லை, ஆனால் முன்பின் தெரியாதவர் நம்பிக்கையோடு பணம் அனுப்புவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். விசேஷ வீட்டில் எடுத்த படமென்றால், அங்கிருப்பவர்களின் முகம், அதிலும் குழந்தைகளின் முகம், அனுமதியின்றி வரக் கூடாது.

காலத்தையும் கணித்துக்கொள்ளுங்கள். காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதம், புரட்டாசிக் கோவிந்தன் வழிபாடு, வருடப்பிறப்பு, கல்யாண மாதங்கள் என்று நம் நாட்காட்டியே உங்கள் விற்பனைத் திட்டம். பண்டிகை நாளன்று அவரவர் தம் வீட்டுப் படத்தைப் போடுவதில் மும்முரமாக இருப்பார்கள். உங்கள் அறிவிப்பு அதற்கு மூன்று வாரம் முன்பே வந்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் வாரத்துக்கு இரண்டு பதிவு தாராளம். ஹேஷ்டேக் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். காசு கொடுத்துப் பின்தொடர்வோரைச் சேர்ப்பதை அறவே தவிருங்கள், அவர்களில் ஒருவர்கூட ரோஸ் ஹில்லில் சாப்பாடு வாங்கப் போவதில்லை.

விளம்பரப்படுத்தும் முன் சட்டப்படியான அடித்தளத்தைச் சரிசெய்துகொள்வது அவசியம். தொழிலைப் பதிவுசெய்து தொழில் பதிவு எண் (பிஆர்என்) பெறுங்கள். சமைக்கும் இருவரும் சுகாதார அமைச்சின் உணவு கையாள்வோர் சான்றிதழை வைத்திருங்கள். வீட்டில் சமைத்து விற்பதற்கு வேறு என்ன அனுமதி தேவை என்பதை உங்கள் நகராட்சியிலும் சுகாதார அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றதும் அவற்றைப் பக்கத்தின் அறிமுகப் பகுதியிலேயே குறிப்பிடுங்கள். உங்களைப் போல வீட்டில் சமைப்பவர்கள் பலர் இதைச் செய்வதில்லை என்பதால் உங்கள் மீதான நம்பிக்கை உடனே ஒரு படி உயரும். தொழில் வளர்ந்த பிறகு பெயரை வணிகக் குறியாகப் பதிவதையும் யோசிக்கலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

ஆர்டர் எடுக்கத் தனி சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் வையுங்கள். விலைப்பட்டியலை அதிலுள்ள கேட்டலாக் பகுதியில் ஏற்றிவிட்டால் ஒரே கேள்விக்குப் பத்து முறை பதில் எழுத வேண்டியிராது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே ஒவ்வோர் ஆர்டரின்போதும் "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், விசேஷ நாள் செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தச் சம்மதம் மரியாதை மட்டுமல்ல, 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறர் விவரங்களை வைத்திருப்பவர் மீது பொறுப்புகளைச் சுமத்துகிறது. கேட்காமல் யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள். பணம் அனுப்பியதாக ஜூஸ் என்ற வங்கிச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால், உங்கள் கணக்கில் தொகை வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆர்டரை உறுதிசெய்யுங்கள்.

வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் ஒரு நோட்டுப் புத்தகத்திலோ எக்செல் கோப்பிலோ தனியாக இருக்கட்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. நம் நாட்டிலேயே 2024 நவம்பர் 1 அன்று, பொதுத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, சமூக ஊடகங்களை நவம்பர் 11 வரை நிறுத்திவைக்க உத்தரவு வந்தது. மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டாலும், அந்த ஒரு நாளில் பக்கத்தை மட்டுமே நம்பியிருந்த சிறு வியாபாரிகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். உங்கள் கையில் எண் இருந்தால் தொலைபேசியிலேயே ஆர்டரை உறுதிசெய்துவிடலாம்.

இனி உங்கள் உத்தியோகம். இதற்குத் தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் போதும், வேறெங்கும் அலைய வேண்டாம். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. "அக்கவுண்ட்ஸ் கிளார்க்" என்று மட்டும் எழுதி அந்த இடத்தை வீணாக்காதீர்கள். "மாத இறுதிக் கணக்கு, வங்கி ஒப்பீடு, மதிப்புக்கூட்டு வரி (வாட்) கணக்குத் தயாரிப்பு; ஆறு ஆண்டு அனுபவம்; ஏசிசிஏ மாணவர், 13இல் 9 தாள்கள் முடித்தவர்" என்ற பொருள்பட எழுதினால், உங்களிடம் எதை நம்பி ஒப்படைக்கலாம் என்பது ஒரே பார்வையில் தெரியும். ஒன்றில் மிகக் கவனமாக இருங்கள்: உறுப்பினராகும் வரை பெயருக்குப் பின்னால் ஏசிசிஏ என்று பட்டம்போல் எழுதக் கூடாது, மாணவர் என்றே குறிப்பிட வேண்டும். தம் சுயவிவரத்தை லிங்க்ட்இனில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வைக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் முழுமையாக எழுதிவிட்டு, பிரெஞ்சிலும் அதை அமைத்துவிடுங்கள். பிரான்ஸிலிருந்து வரும் வேலைகளை ஏற்றுச் செய்யும் நிறுவனங்கள் எபேனில் இருப்பதால் அது வீண்போகாது.

பதிவுகளைப் பொறுத்தவரை, மாதத்துக்கு இரண்டு போதும், ஆனால் ஒவ்வொன்றும் உங்கள் வேலைத்திறனுக்குச் சான்றாக இருக்க வேண்டும். வங்கி ஒப்பீட்டில், அதாவது நம் கணக்கை வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்க்கையில், தொகை பொருந்தாதபோது எந்த வரிசையில் தேடுகிறீர்கள் என்பதைக் கற்பனைத் தொகைகளை வைத்து எக்செல்லில் காட்டுங்கள். ஜூன் 30 நெருங்கும்போது, வருமான வரி ஆண்டு முடிவதற்குள் ஒரு சிறு கடைக்காரர் எந்தெந்தப் பில்களை அடுக்கி வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். "கடின உழைப்பே வெற்றி" என்பது போன்ற பொன்மொழிகளைப் பகிர்வதால் உங்கள் திறமை பற்றி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கணக்காளருக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஏசிசிஏவின் ஐந்து அடிப்படை நெறிகளில் இரகசியம் காத்தலும் ஒன்று, மாணவர்களையும் அது கட்டுப்படுத்தும். "இன்றைக்கு இரவு ஒன்பது மணி வரை வேலை" என்று மேசையைப் படமெடுத்துப் போடும்போது, பின்னால் திரையில் வாடிக்கையாளர் பெயர் தெரிந்தால், உறைமேல் முகவரி தெரிந்தால், ஏன், கோப்பின் பெயர் மட்டும் தெரிந்தால்கூட, ஆறு ஆண்டு உழைத்துச் சேர்த்த நற்பெயர் ஒரு படத்தில் போய்விடும். அலுவலக மேசையைப் படமெடுக்கவே எடுக்காதீர்கள். பெயரைச் சொல்லாமல் "ஒரு ஹோட்டல் வாடிக்கையாளர்" என்று எழுதுவதும் பாதுகாப்பல்ல, இந்தச் சிறு தீவில் அது யாரென்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது.

கோயில் சங்கத்துக்கோ பெண்கள் மன்றத்துக்கோ கணக்குப் பார்த்திருந்தால், அதைத் தன்னார்வப் பணி என்ற பகுதியில் சேருங்கள். இதை எழுத நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், ஆனால் பொதுப்பணத்தை ஒப்படைத்து ஒரு சபை உங்களை நம்பியது என்பதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. உடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவரிடம் சிபாரிசுக் குறிப்பு கேளுங்கள், அதிலும் குறிப்பாக இன்ன வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். வேறிடத்தில் வேலை தேடத் தொடங்கினால், "வேலைக்குத் தயார்" என்ற அறிவிப்பை எல்லோரும் பார்க்கும் பச்சை வளையமாக வைக்காமல், ஆள்சேர்ப்போர் மட்டும் பார்க்கும்படி அமையுங்கள். உங்கள் நிறுவனத்தார் கண்ணில் படாமலிருக்க லிங்க்ட்இன் முயன்றாலும் முழு உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மேலாளர் பற்றிய தயக்கத்துக்கு வருகிறேன். ரோஸ் ஹில்லுக்கும் எபேனுக்கும் இடையே சில நிமிடப் பயணம்தான். உங்கள் ஏழு கறியை உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு விசேஷத்தில் சாப்பிடுவார். மறைக்க முடியாததை மறைக்க முயலாமல், பணி ஒப்பந்தத்தை எடுத்து வெளிவேலை பற்றிய பிரிவை வாசியுங்கள். பிறகு மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வார இறுதியில் குடும்பத்தோடு சமையல் தொழில் செய்கிறேன், அலுவலக நேரத்திலோ வாடிக்கையாளரிடமோ இது குறுக்கிடாது, இதற்கு எழுத்தில் அனுமதி வேண்டுகிறேன் என்று நான்கே வரிகள். பதில் கையில் வரும் வரை புதிய பக்கத்தை வெளியிட வேண்டாம். அதன் பிறகும் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏறிய பதிவில் அந்த நேரம் எல்லோர் கண்ணிலும் படும். ஃபேஸ்புக் பக்கங்களை நிர்வகிக்க உதவும் மெட்டா பிசினஸ் சூட்டில் ஞாயிறு மாலையே வாரத்துப் பதிவுகளை அலுவலக நேரத்துக்கு வெளியே நேரம் குறித்து வைத்துவிட்டால் யாரும் விரல் நீட்ட மாட்டார்கள்.

பழைய சொந்தக் கணக்கை ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பழைய பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மொத்தமாக மாற்றும் வசதி ஃபேஸ்புக் அமைப்புகளிலேயே இருக்கிறது. தேர்தல் நேரத்துச் சண்டைகளும் சொந்தபந்தத்தின் மேலுள்ள கோபமும் எந்தப் பக்கத்திலும் வேண்டாம்.

பலன் தெரிகிறதா என்பதை லைக்கை எண்ணி அளக்காதீர்கள். ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு, நோட்டில் ஒரு சொல்லாகக் குறித்துவையுங்கள். ஒரு காவடிப் பருவம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், முன்பின் அறியாதவர்கள் ஃபேஸ்புக் வழியாக வருகிறார்களா, அல்லது சாப்பிட்டவர் சொல்லித்தான் வருகிறார்களா என்பது விளங்கிவிடும். ஃபேஸ்புக் வழியாக வருபவர்கள் கணிசமாக இருந்தால் மட்டும், அதுவும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய ஊர்களை மட்டும் குறித்து, சிறு தொகைக்கு விளம்பரம் செய்து பாருங்கள். வாய்வழியாக வருபவர்களே அதிகமென்றால், அந்தத் தொகையை ஒவ்வொரு பாத்திரத்தோடும் போகும் எண் அச்சிட்ட அட்டைக்குச் செலவிடுங்கள்.