தேனியில் இறந்தவர் எந்த மாநிலத்துக் கணக்கில் வருவார்?

கேள்வி: கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வாழ்கிறவர்கள் நாங்கள். 2021 கோவிட் அலையில் எங்கள் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சேர்ந்தவர்கள் மட்டும் பதினொரு பேர் இறந்தார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். எல்லை ஊரான குமுளி வழியாகத் தமிழ்நாட்டுத் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மே 9 அன்று பாசிட்டிவ் வந்தது, ஜூன் 12 அன்று இறந்தார். இப்போது ஊரில் ஆக்ஸிஜன் வசதியோடு படுக்கைகள் கேட்டு மனுக் கொடுக்கப் போனால், "உங்கள் பக்கம் கோவிட் சாவு மூன்றுதானே" என்கிறார்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழில் கோவிட் என்றே இல்லை. எட்டாயிரம் கொடுத்தால் அதைச் சேர்த்து வாங்கித் தருவதாகவும், அரசின் ஐம்பதாயிரமும் கிடைக்கும் என்றும் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? எங்கள் ஆட்களைக் கணக்கில் கொண்டுவர என்ன வழி?

பதில்: அந்த எட்டாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சான்றிதழில் கோவிட் என்று இல்லாதது ஒரு குறையே அல்ல. நம் நாட்டில் யாருடைய இறப்புச் சான்றிதழிலும் என்ன நோயால் இறந்தார் என்பது இருக்காது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குடும்பத்துக்குக் கொடுக்கும் சான்றில் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. பாம்பு கடித்துச் செத்தவருக்கும் அப்படித்தான், மாரடைப்பில் போனவருக்கும் அப்படித்தான். வீட்டில் தாத்தா, பாட்டியின் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், தேதி, இறந்த இடம், பெற்றோர் பெயர், முகவரி, பதிவு எண். அவ்வளவுதான்.

இல்லாத கட்டத்தைக் காட்டி "இங்கே கோவிட் விட்டுப்போயிருக்கிறது பாருங்கள்" என்று சொல்லித்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஒன்று, ஏமாற்றிவிட்டுப் போவார். இரண்டு, கம்ப்யூட்டரில் திருத்திப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். இரண்டாவதுதான் ஆபத்து. கோவிட் நிவாரணத்தில் போலி மனுக்கள் புகுந்துவிட்டன என்று சொல்லி, கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய நான்கு மாநிலங்களில் 5 சதவீத மனுக்களைச் சரிபார்க்க 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அனுமதி கொடுத்தது. பொய்க் கோரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. உள்ளே போகப்போவது மனுவில் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

ஐம்பதாயிரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்த தொகை அது. 2022 மார்ச் 20-க்கு முந்தைய இறப்புகளுக்கு, அதே மார்ச் 24-லிருந்து 60 நாள் கெடு வைத்தார்கள். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. விண்ணப்பிக்கவே முடியாத அளவு கஷ்டத்தில் இருந்தவர்கள் குறைதீர் குழுவிடம் முறையிட ஒரு சிறு வழி விட்டிருந்தார்கள். முயன்று பாருங்கள், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அந்த மனுவையும் வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம்.

சரி, காரணம் எங்கேதான் எழுதப்படுகிறது? மருத்துவமனை எழுதும் படிவம் 4-இல். முதல் வரியில் கடைசியாக உயிரை எடுத்தது எது, அடுத்த வரிகளில் அதற்குக் காரணமானது எது என்று டாக்டர் கீழே கீழே எழுதிக்கொண்டு போக வேண்டும். மூச்சுத்திணறல், அதற்குக் கீழே நிமோனியா, அதற்குக் கீழே கோவிட். அந்த அலையின் கூட்டத்தில் ராத்திரி டூட்டி டாக்டர் முதல் வரியோடு பேனாவை மூடியிருந்தால், உங்கள் அப்பா மூச்சுத்திணறலில் இறந்தவர் ஆகிவிடுவார். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கில் அந்தத் தாளைத் திரும்பப் பார்க்காதவர்களைத்தான் சொல்வேன். காரணச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும் என்ற திருத்தம் 2023 அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் செத்தவர்களின் பிள்ளைகள் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

இனி உங்கள் அப்பாவின் விஷயம். பாசிட்டிவ் வந்து 34-ஆம் நாள் இறந்திருக்கிறார். "முப்பது நாள் தாண்டிவிட்டது, அதனால்தான் செலவாகும்" என்று அந்த ஆள் சொல்லியிருப்பாரே! அரை உண்மையைப் போல விலை போகிற சரக்கு வேறு இல்லை. 2021 செப்டம்பரில் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதல், பரிசோதனை நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால் கோவிட் இறப்பு என்றது உண்மை. வீட்டில் இறந்தாலும் அப்படித்தான். ஆனால் அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரி இருக்கிறது: கோவிட் நோயாளியாகச் சேர்க்கப்பட்டு, அதே அட்மிஷனில் 30 நாளைத் தாண்டியும் இருந்து இறந்தால், அதுவும் கோவிட் இறப்புதான். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எனவே இன்னும் ஒரு தடவை நிதானமாகச் சொல்கிறேன்.

"அதே அட்மிஷன்" என்பதை ஐ.பி. எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உள்நோயாளியாகச் சேர்க்கும்போது ஒரு எண் கொடுப்பார்கள். வார்டு மாற்றினாலும், ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனாலும், நெகட்டிவ் வந்ததும் கோவிட் வார்டிலிருந்து பொது வார்டுக்குத் தள்ளினாலும் அந்த எண் மாறாது. நெகட்டிவ் வந்துவிட்டது, ஆகவே இது கோவிட் சாவு இல்லை என்று எவராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் செய்து, இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி சேர்த்திருந்தால் புது எண் விழுந்திருக்கும், அங்கே வாதம் பலவீனமாகும். நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்தேன். மே 11-ஆம் தேதிச் சீட்டிலும் ஜூன் 12-ஆம் தேதிச் சீட்டிலும் எண் ஒன்றுதான். ஒரே அட்மிஷன், சந்தேகமே இல்லை.

ஆனால் அதே சீட்டில் இன்னொன்றைப் பார்த்தேன். நோயாளியின் ஊர் என்ற இடத்தில் "குமுளி" என்றும், மாவட்டம் என்ற இடத்தில் "தேனி" என்றும் எழுதியிருக்கிறது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள், குமுளியிலிருந்து என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். பஸ் ஏறிய இடம் வீட்டு முகவரி ஆகி, இடுக்கி மாவட்டத்துக் குமுளியும் தேனி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் பதினொரு பேரில் பலர் காணாமல் போன இடம் இதுதான்.

முப்பது வருஷம் இறப்புப் பதிவேடுகளோடு குப்பை கொட்டியவன் நான். எல்லைப்புறத்தில் இது புதிதே அல்ல. எஸ்டேட் ஆட்களில் பாதிப் பேருக்கு ஆதார் கடையநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ உத்தமபாளையத்திலோ இருக்கும். வாழ்வது இடுக்கியில், சாவது தேனி மருத்துவக் கல்லூரி இருக்கும் க.விலக்கில். 2021-இல் ஒரு மாவட்ட அலுவலகத்தில் பட்டியல் சரிபார்க்க உட்கார்ந்தபோது, எல்லைக்கு அப்பால் முகவரி உள்ள பெயர்களை ஒருவர் சிவப்பு மையில் அடித்துக்கொண்டே போனார். "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். அந்தப் பக்கத்து ஆள் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் அடித்திருப்பார். கேரளத்துக் கஞ்சிக்கோட்டு ஆக்ஸிஜன் டேங்கர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்த அதே காலத்தில், நம் ஆட்கள் செக்போஸ்டில் இ-பாஸைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், அதுதான் சட்டம். தேனியில் இறந்தவர் தமிழ்நாட்டுப் பதிவேட்டில், கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் இறந்தவர் அந்த ஊர்ப் பதிவேட்டில். உங்கள் பஞ்சாயத்துக்கு மிஞ்சுவது லயத்திலேயே இறந்தவர்கள் மட்டும். எனவே பஞ்சாயத்து செக்ரட்டரியிடம் 2021-இன் எண்ணிக்கையைக் கேட்டு, அது குறைவாக இருந்தால் குழம்பாதீர்கள். எவ்வளவு பேரை வண்டியில் ஏற்றிக் கீழே இறக்கினார்களோ அவ்வளவுக்கு அந்த எண் குறையும். பக்கத்தில் படுக்கை இல்லாத ஊர், ஏட்டில் ஆரோக்கியமான ஊராகத் தெரியும். இதைத்தான் உங்கள் மனுவின் முதல் வரியாக எழுதச் சொல்வேன்.

"கோவிட்" என்ற முத்திரைக்காக ரொம்பச் சண்டை போடாதீர்கள். அந்த முத்திரையை வைத்துப் பார்த்தால் நாடே கணக்கில் குறைகிறது. 2021 இறுதிவரை நம் அரசு சொன்ன கோவிட் இறப்பு சுமார் 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் சொன்ன மதிப்பீடு 47 லட்சம். அரசு அதை மறுத்தது. ஆனால் அரசின் சொந்தப் பதிவிலேயே 2020-இல் சுமார் 81 லட்சமாக இருந்த மொத்த இறப்புகள் 2021-இல் ஒரு கோடியைத் தாண்டின. அந்த அறிக்கை வெளியே வர 2025 ஆகிவிட்டது. நாலு வருஷம்! பிறப்பு இறப்பு எண்ணிக்கையைக் கூட்ட நாலு வருஷம் எடுக்கும் நாட்டில், எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு எத்தனை சிலிண்டர் தேவை என்று எவர் சொல்வார்?

ஆகவே எல்லாக் காரண இறப்புகளையும் எடுங்கள். 2018 முதல் 2022 வரை மாதவாரியாக. பதிவாளர்கள் மாதாமாதம் மேலே ஓர் அறிக்கை அனுப்புவார்கள், அது ஏற்கெனவே இருக்கிற காகிதம். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுவில் அந்த அறிக்கைகளின் நகலைக் கேளுங்கள். "எங்கள் எஸ்டேட் ஆட்கள் எத்தனை பேர்" என்று கேட்டால், அப்படித் தொகுத்து வைக்கவில்லை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள், சட்டப்படி அது சரியும்கூட. பெயர்களையும் கேட்காதீர்கள், அந்தரங்கம் என்று தள்ளுவார்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தமிழில் எழுத நமக்கு உரிமை உண்டு. எழுதுங்கள், கூடவே ஒரு மலையாளப் பிரதியையும் வையுங்கள். உரிமையை நிலைநாட்ட வேறொரு நாள் போகலாம்.

ஒப்பிடும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். 2020-இல் கேரளத்தில் பதிவான மொத்த இறப்புகள் 2019-ஐவிடக் குறைவு. ஊரடங்கில் சாலை விபத்து குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். அதனால் 2021-ஐ 2020-உடன் மட்டும் ஒப்பிட்டால் உயர்வு மிகையாகத் தெரியும், 2019-ஐயும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், மூணாறு பக்கத்து நண்பர்கள் இதே வேலையைச் செய்தால், 2020 ஆகஸ்ட் 6 பெட்டிமுடி மண்சரிவில் போன 70 பேரைத் தனியாக வைக்க வேண்டும். அதைக் கோவிட்டோடு சேர்த்துக் காட்டினால், ஒரே கேள்வியில் மனுவைக் கிழித்துவிடுவார்கள்.

பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு தாள் போடுங்கள். இறந்த இடம், தேதி, பதிவு எண், லயத்திலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், வழியில் எந்தெந்த ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ரெஃபரல் சீட்டு எவர் வீட்டிலாவது இருந்தால் பொன் மாதிரி. வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள், அவருடைய நோட்டில் அரசுக் கம்ப்யூட்டரில் இல்லாதது இருக்கும்.

அப்பாவுக்காகத் தனியே தேனிக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கும். முதலில் மருத்துவக் கல்லூரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேஸ் ஷீட் நகலுக்கும் காரணச் சான்றின் நகலுக்கும் எழுதிக்கொடுங்கள். பிறகு கோவிட் இறப்பாக ஏற்கக் கோரியும், முகவரியை இடுக்கி மாவட்டம் என்று திருத்தக் கோரியும் மாவட்ட ஆட்சியர் பெயருக்கு ஒரே மனு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்காமல் நகராதீர்கள். வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர்கள் இருப்பார்கள். எழுதுகிற கூலியைக் கொடுங்கள், "உள்ளே ஆள் இருக்கிறது" என்று ஆரம்பித்தால் எழுந்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய நகல்களைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு சீட்டிலும் ஐ.பி. எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்கும் முன் அழித்துவிடாதீர்கள்.